நமக்கும் அந்தப் பருவம் உண்டு
நம் ஊரில் இலையுதிர்காலமே இல்லை, அதனால் அந்தப் பருவத்துக்கென்று எழுதும் இதமான காதல் நாவல்கள் நமக்கு ஒட்டாது என்று இங்கே வந்த கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டில் இலை உதிர்வது மாசி வாக்கில்தான், சரி, ஆனால் அந்தக் கதைகளுக்கு வேண்டியது வெளியே குளிரும் உள்ளே கொஞ்சம் கதகதப்பும்தானே. ஐப்பசியில் தேன்கனிக்கோட்டைக்கு வந்து பாருங்கள், நாலரைக்கே இருட்டிக்கொண்டு தூறல் பிடித்துவிடும், வேகவைத்த நிலக்கடலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆப்பிள் தோட்டமும் பூசணிக்காய்த் திருவிழாவும் வருகிற ஒரு குறுநாவலை ஒரே மூச்சில் முடித்துவிடுவேன், கடலைத் தோலின் ஈரம் பட்டுப் பக்க ஓரமெல்லாம் கறையாகியிருக்கும். ஆப்பிள் தோட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் மழைக்கு முன் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவனுக்காகக் காத்திருப்பது நமக்குத் தெரியாததா? சங்கப் பாடல்களில் காட்டு நிலத்துக்குரிய முல்லைத் திணையே அதுதான், பொழுது கார்காலமும் மாலையும், பாடுபொருள் காத்திருத்தல். சங்கப் புலவர் நப்பூதனார் 103 அடியில் பாடிய முல்லைப்பாட்டு மழையில் தொடங்கி, போருக்குப் போன தலைவனின் தேர் திரும்பி வருவதில்தான் முடிகிறது. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் இந்த நாவல்களெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கிறார். அம்மா இறந்த வருஷம் மழைக்காலம் முழுக்க இந்தக் கதைகளைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது, முடிவு நல்லபடியாக இருக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டு படிப்பதுதான் அப்போது எனக்குத் தேவைப்பட்டது.