வரலாற்றில் இன்று: வாச்சாத்தி எங்கே?

தினமும் விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிற 'வரலாற்றில் இன்று' பட்டியல் மீது எனக்கு ரொம்ப நாளாக ஒரு கடுப்பு. இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமை இருப்பவர்கள் படிக்கவும்.

அரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் நாளைக் காலை பிரேயரில் என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பது எனக்கு முந்தின நாள் சாயங்காலமே தெரிந்துவிடும். ஆசிரியர் குரூப்பில் வந்த ஃபைலை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டு "அண்ணா, ஒரு பிரிண்ட் போட்டு வைங்க" என்பார்கள். பாதி நாள் ஃபாண்ட் உடைந்து கட்டம் கட்டமாக வரும், நான்தான் உட்கார்ந்து சரி செய்ய வேண்டும். அதனால் அந்தப் பட்டியலை வரி வரியாகப் படிக்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். குறள் இருக்கும், பழமொழி இருக்கும், பொது அறிவுக் கேள்வி இருக்கும். நடுவில் பத்து வரியில் உலக வரலாறு.

செப்டம்பர் 29-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1725-ல் ராபர்ட் கிளைவ் பிறந்தது அன்றைக்குத்தான். சரி, பிறந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கும் கிளைவுக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. அந்தக் காலத்தில் பாராமஹால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி 1792-ல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அப்போது கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்து, தருமபுரியிலேயே தங்கி, காடு கழனியை அளந்து வரி போட்டவர் தாமஸ் மன்றோ. ஏழு வருடம் இங்கே இருந்திருக்கிறார். ரயத்துவாரி என்று, விவசாயியிடமே நேரடியாக வரி வாங்குகிற முறையைப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதற்கான பழக்கம் அவருக்கு இங்கேதான் வந்தது. அவரைப் பற்றி எந்தத் தேதியிலும் ஒரு வரியைக் கூட நான் பிரிண்ட் போட்டதில்லை.

1913-ல் அதே தேதியில், டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் ராத்திரி அறைக்குத் தூங்கப் போனவர், காலையில் ஆளைக் காணோம். தொப்பூர் கணவாயில் லாரியை இறக்குகிற எத்தனை பேருக்குத் தெரியும், டீசல் என்பது ஒரு மனுஷன் பேர் என்று! இந்த மாதிரி வரி எனக்குப் பிடிக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1938-ல் மியூனிக் ஒப்பந்தம்: செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்தைப் பிய்த்து ஹிட்லருக்குக் கொடுத்தார்கள், செக்கோஸ்லோவாக்கியாவை உட்கார வைத்துப் பேசாமலே. 1954-ல் ஐரோப்பாவின் அணுத்துகள் ஆராய்ச்சி மையமான செர்ன் ஆய்வகம் தொடங்கியது. அப்புறம் உலக இதய தினம்.

இவ்வளவும் இருக்கிற தேதியில் வாச்சாத்தி இல்லை. அரூர் தாலுகாவிலேயே அச்சாகிற தாளில், அரூர் தாலுகாவில் இருக்கிற ஊர் இல்லை.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற அந்தப் பழங்குடி ஊருக்குள் இறங்கின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தை நாசம் செய்தார்கள், ஆடு மாட்டைக் கூட விட்டுவைக்கவில்லை. பெண்கள், குழந்தைகள் உட்பட நூறு பேருக்கு மேல் சிறையில் அடைத்தார்கள். அரசுத் தரப்பு முதலில் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் பிடித்த பிடியை விடவில்லை. 1995-ல்தான் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள்: வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது. மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2023-ல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும், அப்போதைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது.

தேதி ஒன்றாக வந்தது தற்செயல். அதில் ராசி, நட்சத்திரம் எல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கு டீக்கடையில் ஒருத்தர் "அந்த நாளுக்கே ஒரு பவர் இருக்குதுங்க" என்றார். ஒரு பவரும் இல்லை. ஜூன் 20-க்கும் முதல் செப்டம்பர் 29-க்கும் நடுவில் 19 வருடம் 3 மாதம். அடுத்த செப்டம்பர் 29-க்கு இன்னும் 12 வருடம். பட்டியலில் ஏறினாலும் ஏறப்போவது அந்த ஓரத்துத் தேதிகள் மட்டும்தான், நடுவில் ஓடிய வருடங்கள் இல்லை. கடைக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வருகிற வாச்சாத்திப் பக்கத்து ஆள் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "தீர்ப்புத் தேதிய எல்லாரும் கேக்குறாங்கண்ணா. வாய்தா தேதிய யாராச்சும் எழுதி வெச்சீங்களா?"

வாய்தா தேதிகளைப் பள்ளிப் பட்டியலில் போட முடியாதுதான். ஆனால் எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. அதே செப்டம்பர் 29-ல்தான், 1829-ல், லண்டன் மாநகரப் போலீஸ் முதன்முதலாகத் தெருவில் இறங்கியது. ஜனங்கள் பட்டாளம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே சிவப்பு வேண்டாம் என்று நீலச் சட்டை கொடுத்தார்கள். 1942-ல் அதே தேதியில் வங்கத்தின் தம்லுக்கில், எழுபது வயதைத் தாண்டிய மாதங்கினி ஹஸ்ரா கையில் கொடியோடு ஊர்வலத்துக்கு முன்னால் போனார். போலீஸ் சுட்டுக் கொன்றது. இதற்குக் கீழே 2011, வாச்சாத்தி. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை கட்டாயம் ஏதாவது கேட்கும். கிளைவ் பிறந்தநாள், இதய தினம், செர்ன் என்று கலந்து கட்டி வாசித்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 'உட்கார்' என்றதும் உட்கார்ந்துவிடுவார்கள்.

"சின்னப் பிள்ளைங்ககிட்ட இதையெல்லாம் சொல்லலாமா?" என்று ஒரு டீச்சர் கேட்டார். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமாவை அதே பிள்ளைகள்தான் வாசிக்கிறார்கள். ஹிட்லரையும் வாசிக்கிறார்கள். தூரத்தில் நடந்த கொடுமை என்றால் நாம் வயசு பார்ப்பதில்லை. பக்கத்தில் நடந்தது என்றால் உடனே பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். விவரம் எல்லாம் சொல்ல வேண்டாம். "நம் வட்டத்து மக்கள் 19 ஆண்டு போராடி நீதி பெற்ற நாள்" என்று சொன்னால் போதாதா? நிஜ பயம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. அரசுப் பள்ளியில் நின்று அரசுத் துறையின் பெயரைச் சொல்ல வேண்டுமே! ஆனால் தீர்ப்புச் சொன்னது நீதிமன்றம். அதை வாசிக்க எதற்கு பயம்?

நம் மாவட்டம் இந்தப் பட்டியல்களில் ஏமாந்தது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இல்லை. மூன்று நாள் தள்ளி அக்டோபர் 2 வரும். காந்தி, சாஸ்திரி பிறந்தநாள், காமராஜர் மறைந்த நாள். 1965-ல் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அன்றைக்குத்தான். பெரியவர்கள் நடுவில் அது அமுங்கிப்போவது புரிகிறது, மன்னித்துவிடலாம். 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்தது. அதற்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. செப்டம்பர் 29 பெரும்பாலும் காலாண்டு லீவில் மாட்டிக்கொள்ளும். பிரேயரே நடக்காது. அதனால் லீவு முடிந்து பள்ளி திறக்கிற முதல் நாளில் வாசிக்கலாம். இல்லையென்றால் ஜூன் 20-ல் வாசிக்கலாம், அப்போது பள்ளி திறந்து புதுப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். எது சரி என்று எனக்கும் என் நண்பர்களுக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் ஜூன் 20 பக்கம். நடந்ததைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொன்னால், கதையை வால் பக்கம் இருந்து சொல்கிற மாதிரி ஆகிவிடும். ஒருத்தர் "தோத்த நாள ஏன்யா பிள்ளைங்க ஞாபகம் வெச்சுக்கணும், ஜெயிச்ச நாளச் சொல்லு" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

குரூப் அட்மினாக இருக்கிற ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், இரண்டு தேதிக்கும் ஆளுக்கொரு வரி எழுதி வைத்திருக்கிறேன், கமெண்டில் போடுகிறேன், எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாள் பிரிண்டுக்கும் அரூர் வட்டாரப் பள்ளிகளிடம் காசு வாங்க மாட்டேன். கறுப்பு வெள்ளைக்கு மட்டும். கலர் கேட்டால் வழக்கமான ரேட்டுதான், சொல்லிவிட்டேன்.