குவாய் நதிப் பாலம்: படத்தில் வராத தமிழர்கள்

"சயாம் மரண ரயில்பாதையைப் போட்டது பிரிட்டிஷ் போர்க்கைதிகள்தான், அதன் பாலத்தைக் கமாண்டோக்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அது 1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் கதை. படம் எடுத்ததே இலங்கையின் கித்துல்கலையில்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43-ல், ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ அதைப் போல மூன்று மடங்குக்குக் குறையாது. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், அப்புறம் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் கைதிகளைவிடப் பல மடங்கு செத்தவர்கள் இவர்கள்தான். தாய்லாந்தில் அந்தப் பாலம் இருக்கும் காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் துயில்கிறார்கள். நம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூடக் கிடையாது. இந்தப் பொய்யைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வராததற்குக் காரணம் அதுதான்.

பாலத்தின் விஷயம் சுருக்கம்: 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு அதை உடைத்தன. போருக்குப் பின் சரிசெய்தார்கள். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, நடுவிலுள்ள வளைவில்லாத நேரான இரண்டும் புதியவை. இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது.