பாசா மீனில் பழுப்புக் கோடு: ஊசித் தடமா?

‘கிருஷ்ணா மாவட்டத்துப் பாசா மீன் துண்டில் பழுப்புக் கோடு இருந்தால் அது ஃபார்மலின் ஊசி போட்ட தடம்.’ சத்தியவேடு, நகரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் படத்தோடு சுற்றும் இந்தச் செய்தி தவறு. பாசா என்பது குளத்தில் வளர்க்கும் ஒரு கெளுத்தி வகை; ஃபார்மலின், உடல்கள் கெடாமல் வைக்கப் பயன்படும் ரசாயனம்.

ஒரு துண்டை ஐஸ் இளகவிட்டுக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தோல் இருந்த பக்கம், நடுவில், ஆப்பு மாதிரி ஒரு நிறம் உள்ளே இறங்கும். ஊசி குத்தினால் ஓட்டைதான் இருக்கும். தலைப்பக்கத்திலிருந்து வால்வரை கோடு ஓடுமா? அது மீனின் சிவப்புச் சதை. அதில் சதைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம் அதிகம். புதிதில் சிவந்திருக்கும், காற்றுப் பட்டு நாளாக ஆகப் பழுப்பாக மாறும். வெள்ளையாக இருந்தால்தான் விலை என்று பல ஆலைகளில் இதைச் சீவி எடுத்துவிடுவார்கள். அப்புறம், மஞ்சள் சாயலும் சாயம் அல்ல. பெரும்பாலும் தீவனத்திலும் குளத்துப் பாசியிலும் உள்ள கரோட்டினாய்டு என்ற இயற்கை நிறமி.

பழுப்பு முற்றி, ஊசல் வாடையும் அடித்தால் வாங்காதீர்கள், அது பழைய மீன். புகார் சொல்வதானால் உறையைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலுள்ள தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) வைத்துத்தான் ஆலைவரை பின்தொடர முடியும்.

ஃபார்மலின் பயமே வெறும் கற்பனை என்று சொல்லவில்லை. 2018இல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் அப்படிப்பட்ட மீன் பிடிபட்டது. ஆனால் கண்டுபிடித்தது சோதனைத் தாள், கண் அல்ல.