கடுகு தாளித்ததால் யாரும் சாவதில்லை

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் முக்கால்வாசிப் பேர் கேட்பது, "உங்கள் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டைக்காரரா?" என்பதுதான். ஒரு பெண், அதுவும் லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள், தானாக யோசித்து இந்த இடத்துக்கு வந்திருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. என் கணவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர். பெரியாரின் எழுத்தை நான் கையில் எடுத்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே என் நம்பிக்கை போய்விட்டது. அது போன வழியை ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன்.

1983, சித்திரை மாதம். எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. முதலில் காய்ச்சல் வந்தது எனக்குத்தான். கண் சிவந்து, மூக்கில் நீர் வடிந்து, மூன்று நாள் கழித்துக் காதுக்குப் பின்னாலிருந்து பொரிப்பொரியாகக் கிளம்பி உடம்பெல்லாம் இறங்கியது. அப்பாயி என் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மணல்வாரி" என்றாள். தட்டம்மைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. அன்றே வாசல் நிலையில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது, வறுவல் பொரியல் நின்றது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. எனக்குப் பாயின் மேல் வேப்பிலைப் படுக்கை. கஞ்சியும் மோரும் இளநீரும்தான் சாப்பாடு. நோய் என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கக்கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள், ஆத்தா விளையாடுகிறாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பாயியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் முகம் முழுக்கப் பெரியம்மைத் தழும்பு. சின்ன வயதில் அவளுக்கு வந்து பிழைத்தாள். அவளோடு பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் பிழைக்கவில்லை. அவளுக்கு மாரியம்மன் என்பவள் கோயிலில் இருக்கும் சிலை அல்ல, தன் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனவள். ராத்திரி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே பாடுவாள். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் அவளை அடைத்துவிட யாராவது வந்தால் எனக்குக் கோபம் வரும். வெளியாளை உள்ளே விடாததும் இளநீர் கொடுத்ததும் நல்ல வேலைகள்தான் என்று இன்று ஒரு செவிலியராகவே சொல்வேன். மருந்தே இல்லாத காலத்தில் அந்தத் தலைமுறையிடம் இருந்தது அவ்வளவுதான்.

ஆனால் 1983இல் மருந்து இருந்தது.

எனக்கு முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று அம்மா சமயபுரத்துக்கு ஒரு ரூபாய் முடிந்துவைத்தாள். சில நாளில் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. அதே வேப்பிலை, அதே கஞ்சி, அதே பாட்டு. பொரி கறுத்து அடங்கும் நேரத்தில் காய்ச்சல் குறைய வேண்டும். அவளுக்கு ஏறியது. மூச்சு வேகமாக வாங்கியது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அப்பா ஒரே ஒரு முறை, "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகட்டுமா?" என்று கேட்டார். ஊசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அப்பாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பயந்துபோய் அழுதாள், எங்களுக்காகப் பயந்தாள். ஆரம்ப சுகாதார நிலையம் நான்கு மைல் தூரம். மணிக்கு ஒரு பஸ் இருந்தது. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் தங்கை போய்விட்டாள். ஆத்தா இருக்கும் உடம்பு, சத்தமாக அழக்கூடாது என்றார்கள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஆத்தா எடுத்துக்கொண்டாள்."

ஒரே வீடு, ஒரே மாதம், ஒரே வேப்பமரம். நான் பிழைத்தால் ஆத்தா காப்பாற்றினாள். தங்கை செத்தால் ஆத்தா எடுத்துக்கொண்டாள். ஒன்பது வயதில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ பொருந்தவில்லை என்று அன்றே உறுத்தியது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

1994இல் செவிலியர் பயிற்சியில் இருந்தேன். ஒருநாள் வகுப்பில் தட்டம்மையின் பின்விளைவுகள் பற்றிப் பாடம். தட்டம்மை ஒரு வைரஸ் நோய், அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்ச காலத்துக்கு முடக்கிப்போடும், அந்த இடைவெளியில் வேறு கிருமிகள் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும், தட்டம்மையில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் சாவது இப்படிப்பட்ட நிமோனியாவில்தான் என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே போனார். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தை நிமிடத்துக்கு 40 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது ஆபத்தின் அறிகுறி. நெஞ்சு உள்ளே இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி. மருந்து பெனிசிலின். நான் நோட்டில் எழுதவில்லை. என் தங்கையின் விலாவுக்குக் கீழே விழுந்த குழியை அவர் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நடந்த எல்லாமே வரிசை மாறாமல் அந்தப் பலகையில் இருந்தது. ஆத்தா மட்டும் அதில் இல்லை. அவள் இல்லாமலே எல்லாம் முழுதாகப் புரிந்தது.

பெனிசிலின் கொடுத்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. பிழைத்திருக்கலாம். அந்த வாய்ப்பைக்கூட அவளுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

"உனக்குக் கடவுள் மேல் கோபம், அவ்வளவுதான். கோபம் தீர்ந்தால் திரும்பி வருவாய்" என்று அன்போடு சொன்னவர்கள் உண்டு. கோபம் இருந்தது உண்மைதான், பத்து வருடங்களுக்கு மேல் இருந்தது. அப்போதெல்லாம் நான் ஆத்திகப் பெண்தான். இல்லாத ஒருத்தியிடம் கோபித்துக்கொள்ள முடியாது அல்லவா? அந்த வகுப்புக்குப் பிறகுதான் கோபம் வடிந்தது. வடிந்தபோது, அந்தக் கோபத்துக்கு உரிய ஆள் ஒருவரும் அங்கே இல்லை என்பது தெரிந்தது. நாத்திகம் எனக்கு இப்படித்தான் வந்தது. கொஞ்ச நாள் வீடு காலியானது போல இருந்தது. சமயபுரத்தாள் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் தன் பிள்ளைகளுக்காகத் தானே பட்டினி கிடக்கிறாள் என்பார்கள். பக்தர்கள் தெய்வத்துக்காக விரதம் இருப்பதுதான் வழக்கம். இங்கே தெய்வமே நமக்காக இருக்கிறது. அதைவிட அழகாக ஒரு தாயை மனிதர்கள் நினைத்துப் பார்க்க முடியுமா என்று எனக்கு இன்றும் தோன்றும். அவள் உண்மையாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கிய இரவுகள் எனக்கு உண்டு. ஏக்கம் வேறு, உண்மை வேறு.

அறிவியல் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. நான் அதன் பக்கம் நிற்பது வேறு காரணத்துக்காக. அது தன் தோல்வியை எண்ணுகிறது. ஒன்பது மாதம் முடிந்த குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டால் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் பாதுகாப்பு வரும். மிச்சம் 15 பேருக்கு வராது. இதைக் கண்டுபிடித்ததும் அந்த மருந்தைச் செய்தவர்களின் கூட்டம்தான், வெளியே சொன்னதும் அவர்கள்தான். அதனால்தான் 16 மாதத்துக்கு மேல் இரண்டாவது தவணை வந்தது. ஊசி போட்ட குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் மேலே எழுதி அனுப்ப வேண்டும், விசாரணை வரும். வேண்டுதலுக்கு இப்படி ஒரு பதிவேடு எந்தக் கோயிலிலாவது, தேவாலயத்திலாவது, தர்காவிலாவது இருக்கிறதா? நிறைவேறியவர்கள் தொட்டில் கட்டுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. நிறைவேறாதவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள். என் தங்கையின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாயியின் முகத்தைத் துளைத்தது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் உலகத்தில் 30 கோடிப் பேரைக் கொன்றது என்று மதிப்பிடுகிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நாம் கூழ் ஊற்றினோம், தீ மிதித்தோம், அலகு குத்தினோம், அது நிற்கவில்லை. பிறகு அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் தொடங்கப்பட்டதே அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்தைத் தயாரிக்கத்தான். வெயிலில் கெடாத உலர் மருந்தும், இருமுனை ஊசியும், யாருக்குக் கண்டிருக்கிறது என்று வீடுவீடாகத் தேடிப் போன ஆயிரக்கணக்கான ஊழியர்களும் சேர்ந்து அதை ஒடுக்கினார்கள். இந்தியாவில் 1975 மே மாதத்தோடு அது முடிந்தது. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். ஆத்தாவின் விளையாட்டு என்றால் அதை ஓர் ஊசியால் நிறுத்தியிருக்க முடியாது. அப்பாயி 1986இல் இறந்தாள். தன்னைத் தொட்ட நோய் உலகத்தை விட்டே போய்விட்டது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

நாத்திகர்கள் எல்லோரும் தெளிந்தவர்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2017இல் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்களில் படித்த பகுத்தறிவுக்காரர் ஒருவரும் இருந்தார்.

இன்னொன்று. எங்கள் ஊர்த் திருவிழாவில் பறையடித்து ஆத்தாவை எழுப்புகிறவர்கள் கோயில் எல்லைக்கு வெளியே நின்றுதான் அடிப்பார்கள். 1983இல் அவர்கள் தெருவிலும் பிள்ளைகள் போயின. பிள்ளையை எடுத்துப்போக ஆத்தா அந்தத் தெருவுக்கு வரலாம், அந்தத் தாய் ஆத்தாவிடம் போகக்கூடாது. இதை எப்படிச் சுற்றி வளைத்து விளக்கினாலும் என்னால் ஏற்க முடியவில்லை. புதன்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் அந்தத் தெருவுக்குத்தான் போவேன்.

"உனக்கு என்று ஒரு கஷ்டம் வந்தால் தெரியும்" என்பார்கள். 2021 மே மாதம் என் கணவர் பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். நான் கும்பிடவில்லை. வீம்புக்காக அல்ல, கும்பிடத் தோன்றவில்லை. விரலில் மாட்டிய கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் காலைப் பிடித்துவிட்டேன், குப்புறப் படுக்க வைத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி திருநீறு நீட்டியபோது வாங்கி என் கணவர் நெற்றியில் பூசினேன். அவருக்கு அது ஆறுதல். அவர் பிழைத்தார், பக்கத்துப் படுக்கைக்காரர் பிழைக்கவில்லை. அந்த அம்மாள் என்னைவிட ஆயிரம் மடங்கு வேண்டியிருப்பாள்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்காது. ரசமோ குழம்போ எதுவானாலும் சீரகம்தான் தாளிப்பாள். எங்கள் வீட்டுப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். 2009இல் அவள் என்னோடு வந்து தங்கியிருந்தபோது, கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் சமையலறையை விட்டு எழுந்து போனாள். என்னவென்று விடாமல் கேட்டேன். வெகு நேரம் கழித்துச் சொன்னாள். தங்கைக்கு முத்துப் போட்டிருந்த மூன்றாம் நாள், அப்பா வெறும் கஞ்சி இறங்கவில்லை என்றார் என்று, அப்பாயிக்குத் தெரியாமல் ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்து ரசம் வைத்துக் கொடுத்தாளாம். "நான்தான் அவளைக் கொன்றேன்" என்றாள். 26 வருடம். ஒரு சொல்கூட யாரிடமும் சொல்லாமல் 26 வருடம் இதைச் சுமந்திருக்கிறாள்.

என்னிடம் என் நாத்திகத்துக்கு ஒரே ஒரு காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மகளைப் பறிகொடுத்த ஒருத்தியை, மகளைக் கொன்றவள் என்று அவளே நம்பும்படி செய்த நம்பிக்கை எனக்கு வேண்டாம்.

அன்று ராத்திரி ஒரு காகிதத்தில் நுரையீரலை வரைந்து காட்டினேன். கிருமி எங்கே போனது, சளி எங்கே கட்டியது, மூச்சு ஏன் வாங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "கடுகு தாளித்ததால் யாரும் சாவதில்லை அம்மா" என்றேன். அவள் எதுவும் பேசவில்லை. "அவளுக்கு ரொம்ப வலித்திருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அன்றுதான் அவள் சத்தமாக அழுதாள்.

அம்மா சாமியை விடவில்லை. அடுத்த சித்திரைத் தேருக்கும் சமயபுரம் நடந்தாள், நான்தான் தண்ணீர் பாட்டிலும் வலி மாத்திரையும் எடுத்துக்கொண்டு கூட நடந்தேன். திரும்பி வரும் வழியில் லால்குடிக் கடைத்தெருவில் நின்று கால் கிலோ கடுகு வாங்கினாள்.