எத்தனை டன் என்று ஒருவராவது கேட்டீர்களா?

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவன் ஷெட்டுக்குத் தரை போட வந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும்? வண்டி எத்தனை டன் என்றுதானே? டைல்ஸ் கடைக்காரர் கேட்டது: "சாம்பல் நிறமா, செங்கல் நிறமா அண்ணா?"

"பார்க்கிங் டைல்ஸ், யானை நின்றாலும் அசையாது" என்று ஒன்றைத் தரையில் போட்டு, தானே ஏறி நின்று காட்டினார். அவர் எழுபது கிலோ இருப்பார். என்னுடையது ஆறு சக்கர லாரி. பின் அச்சு ஒன்றுக்கே பதினொன்றரை டன் வரை ஏற்றலாம் என்று 2018-இல் மத்திய அரசு உயர்த்தியது. அந்தப் பாரம் முழுவதும் இறங்குவது நான்கு டயர்களின் அடியில், ஆளுக்கு ஒரு பள்ளி நோட்டு அளவு இடத்தில். சரக்கோடு வந்து விடிய விடிய நிற்கிற வண்டி அது.

மூன்றாவது வாரமே 'சடக்'. மேஸ்திரியோ, "வண்டியை மெதுவாக ஏற்ற வேண்டும்ங்க" என்கிறார். வேகமாக ஏற்ற என் வீட்டு வாசல் என்ன தேசிய நெடுஞ்சாலையா?

உடைந்ததைப் பெயர்த்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என ஐந்து உருண்டை சிமெண்ட் கலவை. மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. மிச்ச டைல்ஸைத் தட்டினால் காலிப் பானை போல டொக்கு டொக்கென்கிறது. அதற்கும் கீழே, திம்மிசுக் கட்டையால் இடித்து இறுக்காமல் தண்ணீர் மட்டும் விட்டு மூடிய மண், நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.

சரி, பேவர் பிளாக் போடலாம் என்று போனால் அங்கே அறுபது மில்லிமீட்டர் தடிமன் கல்லை நீட்டுகிறார்கள். இந்தியத் தர விதி 15658-இன்படி அறுபது என்பது இலகுவான போக்குவரத்துக்கு, கனரகத்துக்கு நூறு. சொன்னால், "எல்லாம் ஒன்றுதான் சார், டிசைன் பாருங்கள்" என்கிறார்கள். டிசைனை டயரா பார்க்கப்போகிறது? எப்பாக்சி பூச்சு என்று கண்ணாடி போல் மின்னும் படங்களை அனுப்பினான் அக்கா மகன். ஜாக்கி வைத்துச் சக்கரம் கழற்றுகிற இடத்தில் கண்ணாடி எதற்கு, முகம் பார்க்கவா?

கடைசியில் தெரிந்த பொறியாளர் ஒருவரைப் பிடித்தேன். அவர்தான் கேட்டார், "எத்தனை டன்?" கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது. மண்ணை அடுக்கடுக்காக இடித்து, ஜல்லி பரப்பி, கம்பி கட்டி, எட்டு அங்குலத்துக்கு எம்30 தரக் கான்கிரீட். அதிலும் பாருங்கள், போட்ட ஆள் நான்காம் நாளே "வண்டியை விட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். எம்30 என்பதே 28 நாள் கழித்துக் கணக்கிடுகிற வலிமை! பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னதற்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த 28 நாளும் லாரி தெருவில்தான் நின்றது. எதிர்வீட்டுக்காரரின் ஏச்சு தனிக் கணக்கு.

நேற்று மைத்துனர் வந்தார். ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேட்கிறார்: "எல்லாம் சரி மச்சான், மேலே டைல்ஸ் எப்போது ஒட்டுகிறீர்கள்?"