நகராட்சி வாசலில் கேட்க ஒரு ஆள் வேண்டும்

அப்பா தவறி ஐந்தாவது வாரம், வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வரியை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அரை நாள் விடுப்பு போதும் என்று நினைத்தேன். முடிய நான்கு மாதம் ஆனது. யாரும் என்னிடம் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. எந்த வேலைக்கு எந்த அலுவலகம், எந்தத் தாளோடு போக வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. நான்கு மாதத்தில் பெரும்பகுதி அந்தத் தெரியாமைக்கே போனது.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பலகைகள் இருந்தன. பொதுப் பிரிவு, வருவாய்ப் பிரிவு, பொறியியல் பிரிவு, நகரமைப்புப் பிரிவு, சுகாதாரப் பிரிவு. உள்ளே வேலை செய்பவர்களுக்கு அந்தப் பெயர்கள் போதும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்று வாங்க வந்தவருக்கு, அது சுகாதாரப் பிரிவில் கிடைக்கும் என்று எப்படித் தெரியும்? தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த பாட்டி பொறியியல் பிரிவைத் தேடிப் போவாரா? நான் விசாரித்த முதல் ஆள், "ரெவின்யூல வாரிசு வாங்கிட்டு வாங்க" என்றார். வருவாய்ப் பிரிவு என்று எழுதியிருந்த ஜன்னலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். அவர் சொன்னது தாலுகா அலுவலகத்தை. வருவாய்த் துறை வேறு, நகராட்சியின் வருவாய்ப் பிரிவு வேறு. படித்தவன், வங்கி வேலை பார்ப்பவன் எனக்கே அன்றுதான் புரிந்தது. என் முன்னால் நின்ற அம்மா அதே காரணத்துக்காக அன்று இரண்டாவது முறையாக வந்திருந்தார்.

அடுத்தது இறப்புச் சான்று. வீடு இந்த ஊரில், ஆதார் இந்த ஊரில், தகனம் இந்த ஊரில். அதனால் சான்றும் இங்கேதான் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் உயிர் பிரிந்தது மதுரையில் ஒரு மருத்துவமனையில். பிறப்பும் சரி, இறப்பும் சரி, நடந்த இடத்தில்தான் பதிவாகும். எங்கே குடியிருந்தோம் என்பது அதில் கணக்கே இல்லை. மதுரையில் இறந்தால் மதுரையில்தான் பதிவு. மருத்துவமனையில் நடந்தால் அவர்களே பதிவாளருக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நடந்தால் வீட்டார்தான் தெரிவிக்க வேண்டும், அதுவும் 21 நாட்களுக்குள். அதற்குள் என்றால் கட்டணம் கிடையாது. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடமும் தாண்டிவிட்டால் மேலதிகாரியின் உத்தரவு வரை போக வேண்டும். வீட்டில் துக்கம் நடந்து பதினாறாம் நாள் காரியம் முடிய எத்தனை நாள் என்று நமக்குத் தெரியும். அந்த அலைச்சலில் 21 நாள் என்ற கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? யாராவது ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

பிறப்புப் பதிவிலும் இதே கதைதான். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பு பதிவாகிவிடும், பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எங்கள் சித்தி மகளுடைய பையனுக்குப் பள்ளியில் சேர்க்கும்போதுதான் சான்றில் பெயரே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றுதான் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டார் இன்றைக்கே ஒருமுறை சான்றை எடுத்துப் பெயர் இருக்கிறதா, எழுத்து சரியா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இறப்புச் சான்று வந்த பின் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய் வந்தது. நடுவில் அப்பாவின் இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததற்காக ஒரு வாரம் நின்றது. அது கைக்கு வந்த பிறகுதான் நகராட்சியில் பெயர் மாற்ற மனு. அங்கே போனால் குடிநீர் இணைப்புக்கும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். மின் இணைப்பின் பெயர் மாற்ற மின்வாரியப் பிரிவு அலுவலகம். பட்டா மாற்ற மறுபடியும் தாலுகா. ஒரே வீடு, ஒரே மனிதரின் பெயர், அதை எடுக்க வேண்டியது நான்கு பதிவுகளில். வீட்டு வரியில் பெயர் மாறிவிட்டால் பட்டாவும் தானாக மாறிவிடும் என்று எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் நினைத்தேன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போதோ கடன் கேட்கும்போதோதான் அது தெரியவரும்.

இத்தனை அலைச்சலிலும் எனக்கு உதவியது வரி வாங்கும் கவுன்டரில் இருந்த ஓர் அம்மாதான். மூன்றாவது முறை நான் போய் நின்றபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் பேனாவால் வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதலில் எது, அப்புறம் எது, எதற்கு எத்தனை நகல், எந்த அறை, எந்தக் கிழமை போனால் ஆய்வாளர் இருப்பார் என்று எல்லாம். இரண்டு நிமிட வேலை. அந்தச் சீட்டு முதல் நாளே கிடைத்திருந்தால் எனக்கு ஐந்து விடுப்பு மிச்சமாகியிருக்கும். அதைப் படம் எடுத்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்று இரவே மூன்று வீட்டார் தனியாக அழைத்தார்கள். அதில் ஒருவர் வீட்டில் தாத்தா இறந்து ஆறு வருடம், வரி இன்னும் தாத்தா பெயரிலேயே வந்துகொண்டிருக்கிறது. எப்படி மாற்றுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த அம்மாவின் நல்ல மனதை நம்பித்தான் ஓர் ஊரே இருக்க வேண்டுமா? அவர் விடுப்பில் போன நாளில் வருபவர் என்ன செய்வார்?

"எல்லாம்தான் ஆன்லைனில் வந்துவிட்டதே" என்று சிலர் சொல்வார்கள். வந்திருக்கிறது, நல்ல விஷயம், நானும் பயன்படுத்துகிறேன். வரியை வீட்டிலிருந்தே கட்ட முடிகிறது, பிறப்பு இறப்புச் சான்றை இணையத்திலேயே இறக்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் நான் முதல்முறை உள்ளே நுழைய முயன்றபோது ஓடிபி அப்பாவின் கைபேசி எண்ணுக்குப் போனது. அந்த சிம் கார்டை நிறுத்திவிட்டிருந்தோம். பழைய ரசீதில் ஒரு வரிவிதிப்பு எண், புதிய ரசீதில் வேறு எண். எதைப் போட்டாலும் 'விவரம் இல்லை' என்று வந்தது. இந்த மாதிரி இடத்தில் மாட்டிக்கொண்டால் கடைசியில் ஒரு மனிதரைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு என்னைப் போல ஒரு பிள்ளை அலைந்தான். தனியாக இருக்கும் பெரியவர்கள் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பவரிடமோ, "நான் முடிச்சுத் தர்றேன்" என்று வரும் புரோக்கரிடமோதான் போய் நிற்கிறார்கள். புரோக்கர் விற்பதில் பெரும்பகுதி தகவல்தான். இலவசமாகக் கிடைக்க வேண்டிய தகவல் கிடைக்காத இடத்தில்தான் அவர் கடை போடுகிறார்.

தெருவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. கம்பம் சாய்ந்தாலோ கம்பி அறுந்தாலோ மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987க்கு அழைக்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் நகராட்சிக்கு. எங்கள் தெருவில் ஒரு விளக்குக்காக இரண்டு மாதம் மின்வாரியத்துக்கே அழைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லி நகராட்சியில் புகார் கொடுத்தபின் மூன்றாம் நாள் எரிந்தது. சாக்கடை விஷயம் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம். எங்களைப் போன்ற ஊர்களில் இரண்டுமே நகராட்சிதான். சென்னையில் மாநகராட்சிப் புகார்களுக்கு 1913 என்ற எண் பலருக்கும் மனப்பாடம். எங்கள் ஊரில் புகார் எண் என்ன என்று தெருவில் பத்துப் பேரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசிக்கு முதலமைச்சரின் உதவி மையம் 1100 இருக்கிறது. ஆனால் ஒரு பல்பு மாற்றச் சென்னை வரை பேச வேண்டிய நிலை நல்லதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மாதாமாதம் கடையில்தான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பது ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. எங்களுக்குப் போனது கொஞ்சம் பணம். ஆனால் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய உரிமம் பெற்ற லாரியை அழைக்க 14420 என்ற எண் இருப்பது தெரியாமல், தெரிந்த ஆள் ஒருவரை உள்ளே இறக்குகிறார்களே, அங்கே போவது உயிர். மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். எண் எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டாமா?

இதெல்லாம் நான் புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுவது என்றுதான் நினைக்கிறோம். அதன் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். யாரும் கேட்கும் முன்பே, ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலை என்ன, எந்த நடைமுறையில் நடக்கிறது, யார் பொறுப்பு என்று 17 வகைத் தகவல்களைத் தானாக வெளியிட வேண்டும். எந்தச் சேவை எப்படிக் கிடைக்கும் என்று சொல்லும் மக்கள் சாசனம் எங்கள் நகராட்சியிலும் ஒரு பலகையாக இருக்கத்தான் செய்கிறது. மாடிப்படி திரும்பும் சுவரில், பீரோவுக்குப் பின்னால், பாதி மறைந்து இருக்கிறது.

கவுன்சிலரைப் பார்த்தால் முடிந்துவிடும் என்பது இன்னொரு பேச்சு. எங்கள் வார்டு கவுன்சிலர் நல்லவர், அழைத்தால் வருகிறார். அவர் பாதி நாள் ஊராருடைய விண்ணப்பங்களைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நிற்கிறார். அதற்காகவா அவரைத் தேர்ந்தெடுத்தோம்? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை நகரங்களில் கவுன்சிலர்களே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து ஓட்டினார்கள். அத்தனை வருடம் கேட்க ஆளில்லாமல் இருந்து, பாதி இடங்களில் பெண்களோடு மன்றங்கள் மறுபடி வந்தன. அவர்கள் மன்றத்தில் உட்கார்ந்து தண்ணீருக்கும் வடிகாலுக்கும் பேச வேண்டும். வாரிசுச் சான்றின் நகல் எத்தனை என்பதைப் பலகையே சொல்லிவிட முடியும்.

ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே பில் கலெக்டர் நான்கைந்து வார்டு பார்க்கிறார் என்று அந்த கவுன்டர் அம்மாவே சொன்னார். ஒரே கேள்விக்கு நாளுக்கு அறுபது முறை பதில் சொன்னால் யாருக்கும் குரல் கடுமையாகத்தான் மாறும். வாசலில் ஒரு மேசை போட்டு, ஊரில் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து இருவரை மாதச் சம்பளத்தில் உட்கார வைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் நிம்மதி. வந்தவரிடம் "என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்டு, தாள்களைச் சரிபார்த்து, இது இங்கே நடக்காது, தாலுகாவுக்குப் போங்கள் என்று சொன்னாலே போதும். வரிசையில் பாதி குறையும். பிரிவின் பெயரை விட்டுவிட்டு வேலையின் பெயரில் பலகை வைக்கலாம். 'பிறப்பு, இறப்புச் சான்று இங்கே', 'வீட்டு வரி பெயர் மாற்றம் இங்கே', கீழே தேவையான தாள்கள், கட்டணம், எத்தனை நாள். பெரிய எழுத்தில், கண்ணுக்கு நேராக.

இதையே மனுவாக எழுதி, அந்த அம்மா எழுதித் தந்த சீட்டின் நகலையும் மாதிரிக்கு இணைத்து, போன மாதம் ஆணையர் அலுவலகத்தில் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு வைத்திருக்கிறேன். கிராமங்களில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரங்களிலும் 2022 நவம்பர் 1 முதல் ஏரியா சபை என்று ஒன்று வந்திருக்கிறது. எங்கள் வார்டில் அடுத்து எப்போது கூடும் என்று கவுன்சிலரிடம் கேட்டிருக்கிறேன், தேதி தெரிந்ததும் இங்கே போடுகிறேன். நம் தெருக்காரர்கள் பத்துப் பேராவது வர வேண்டும். தாத்தா பெயரில் வரி வரும் வீட்டாரும் கட்டாயம் வாருங்கள்.

அக்டோபரில் அம்மாவே நடந்து போய் வரி கட்டிவிட்டு வந்தார். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதையும் கேட்டு வாங்கியிருக்கிறார். ரசீதில் தன் பெயர் அச்சாகியிருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு அப்பா வருடக்கணக்காக வரி ரசீதுகளைச் சேர்த்து வைத்திருந்த அதே ஃபைலில் கடைசியாகச் சொருகி வைத்தார்.