கம்பெனி செலவில் டிரக் பயிற்சி: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அமெரிக்காவுக்கு கிரீன் கார்டில் வந்து இறங்கிய நம்மூர்த் தம்பிகள் சிலர் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணா, கம்பெனியே காசு போட்டு டிரக் ஓட்டச் சொல்லித் தருகிறதாமே, சேரலாமா?"

சேரலாம். நானும் அந்த வழியில் வந்தவன்தான். பயிற்சிப் பள்ளிக்குக் கட்டப் பணம் இல்லாதவனுக்கு, கல்லூரிப் பட்டம் கேட்காமல் குடும்பத்தை நடத்தும் அளவுக்குச் சம்பளம் தரும் வேலை வேறு எத்தனை இருக்கிறது? பயிற்சி தருவதற்காகக் கம்பெனிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் செலவைக் கடனாக எழுதி வைத்து, அதைக் காட்டியே ஆளைப் பிடித்து வைக்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். அதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நடைமுறை இதுதான். முதலில் மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, பழகுநர் பர்மிட். பர்மிட் வாங்கி 14 நாள் கழிந்தால்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். நடுவில் சில வாரம் கம்பெனியின் பள்ளி. தேர்வில் தேறினால் சி.டி.எல். என்ற கனரக லைசென்ஸ். அப்புறம் சில வாரம் ஒரு டிரெய்னரோடு அவர் வண்டியில் ஓட்டம். அதற்கும் பிறகுதான் தனி வண்டி. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்ட 21 வயது ஆகியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பணம் கேட்க மாட்டார்கள். பதிலுக்கு ஓர் ஒப்பந்தம் நீட்டுவார்கள்: பெரும்பாலும் ஒரு வருடம், அல்லது இத்தனை மைல். நடுவில் விட்டுப் போனால் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். நம்மூர் ஐ.டி. கம்பெனியில் பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வேலை மாற முடியாமல் தவித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பள்ளியில் சொல்லித் தருவது நல்ல பாடம்தான், அதில் எனக்குக் குறையில்லை. காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக்கின் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டிய வண்டியில் அந்த ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 4 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை விட்டுவிட்டு மிதித்து மிதித்து காற்றை இறக்கினால், 60ஐ நெருங்கும்போது எச்சரிக்கை ஒலி கேட்க வேண்டும். இன்னும் இறக்கினால் 45க்கும் 20க்கும் நடுவில் எங்கேயோ டேஷ்போர்டில் இருக்கும் பார்க்கிங் பிரேக் பட்டன்கள் 'டப்'பென்று தானாக வெளியே வந்து, பிரேக் பிடித்துக்கொள்ளும். இந்த வரிசையில் தவறினால் தேர்வு அங்கேயே முடிந்தது, ரோட்டுக்கே கூட்டிப் போக மாட்டார்கள். இதை மனப்பாடமாகச் செய்யாமல், ஒவ்வொன்றும் ஏன் என்று கேட்டுக் கற்றவன்தான் பின்னால் மலை இறக்கத்தில் பிழைக்கிறான்.

சிக்கல் லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. 2022 பிப்ரவரி 7 முதல் புது ஓட்டுநர்களுக்கான பயிற்சி விதி அமலில் இருக்கிறது. எழுத்துப் பாடத்தில் 80 சதவீதம் எடுக்க வேண்டும், வண்டி ஓட்டச் சொல்லித் தருபவருக்கு 2 வருட அனுபவம் வேண்டும். ஆனால் இத்தனை மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும் என்று அந்த விதி எங்கேயும் சொல்லவில்லை. பக்கத்தில் கனடாவின் ஒன்டாரியோவில், நம் ஈழத்துச் சொந்தங்கள் நிறையப் பேர் டிரக் ஓட்டும் ஊரில், 2017 ஜூலையிலிருந்தே குறைந்தது 103.5 மணி நேரம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். இங்கே அப்படி ஒரு எண் இல்லை. லைசென்ஸுக்குப் பிறகு ஏறும் வண்டியில் உள்ள டிரெய்னருக்கு அனுபவ வரம்பும் மத்திய விதியில் இல்லை. ஒரு வருடம்கூட ஓட்டி முடிக்காதவர் டிரெய்னராக உட்கார்ந்திருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஓர் ஓட்டுநர் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம், அதையும் 14 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வண்டியில் இரண்டு பேர் லைசென்ஸோடு இருந்தால்? இருவரும் மாறி மாறி ஓட்டினால் வண்டி ஒரு நாளில் 22 மணி நேரம் ஓடும். பல கம்பெனிகளில் 'பயிற்சி' என்ற பெயரில் நடப்பது இதுதான். முதல் சில நாள் டிரெய்னர் பக்கத்தில் உட்காருவார். அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டியரிங் பிடிக்கும்போது அவர் பின்னால் பெர்த்தில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். உங்களிடம் லைசென்ஸ் இருப்பதால் சட்டப்படி அது சரி.

ஓரிகன் மாநிலத்தில் ஐ-84 நெடுஞ்சாலையில் கேபேஜ் ஹில் என்று ஓர் இறக்கம் இருக்கிறது. 6 சதவீதச் சரிவு, நடுவில் ஊசி வளைவுகள், வண்டியும் சரக்கும் சேர்த்து 80,000 பவுண்டு வரை எடை. மேலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, எஞ்சின் பிரேக்கில் வண்டியைப் பிடிக்க வேண்டும். கால் பிரேக்கையே நம்பினால் பாதி வழியில் சூடேறிய பிரேக் வாடை கேபினுக்குள் வந்துவிடும். வாடை வந்த பிறகு யோசிக்க நேரம் கிடையாது. முதல் தடவை அங்கே இறங்குகிறவனுக்குப் பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து, "இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் பயிற்சி. பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்க, குறைந்த கூலிக்கு ஒருவன் இரவு முழுக்க ஓட்டுவதற்குப் பெயர் மலிவான உழைப்பு. அந்த வாரங்களில் வண்டி இழுக்கும் சரக்குக்கு வாடிக்கையாளர் முழு வாடகை கொடுக்கிறார் என்பதை மறக்காதீர்கள். பயிற்சிக்குச் செலவு செய்தோம் என்று கணக்குக் காட்டும்போது, இந்த வரவையும் சேர்த்தல்லவா காட்ட வேண்டும்?

பெண்கள் சேர்வதானால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரோடு வாரக்கணக்கில் ஒரே கேபினில் தூங்கி எழ வேண்டும். டிரெய்னர் ஆணா பெண்ணா, மாற்றிக் கேட்டால் தருவார்களா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

"ஓட்டுநர் பற்றாக்குறை" என்று கம்பெனிகள் சங்கம் பல வருடமாகச் சொல்கிறது. 2021ல் 80,000 பேர் குறைகிறார்கள் என்றார்கள். ஆனால் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் இதழில் 2019ல் வந்த ஓர் ஆய்வு, இந்த வேலைச் சந்தை மற்றத் தொழில்களைப் போலத்தான் இயங்குகிறது என்று எழுதியது. பிரச்சினை முக்கியமாக நெடுந்தூரம் முழு லோடு இழுக்கும் பெரிய கம்பெனிகளிடம். அங்கே பல வருடங்களில் ஆள் மாறும் விகிதம் ஆண்டுக்கு 90 சதவீதத்தை ஒட்டி இருந்திருக்கிறது. வந்தவர்கள் தங்காமல் ஓடுவதை ஆள் இல்லை என்று சொல்வது நியாயமா? ஏன் ஓடுகிறார்கள் என்றால், கூலி மைல் கணக்கில். கிடங்கு வாசலில் லோடு ஏற்ற மணிக்கணக்கில் நின்றால் மைல் ஓடாது. 1938ல் வந்த சம்பளச் சட்டத்திலேயே ஓவர்டைம் உரிமையிலிருந்து இந்தத் தொழிலின் ஓட்டுநர்களை விலக்கிவிட்டார்கள், அது இன்றும் அப்படியே இருக்கிறது. இதைச் சரிசெய்தால் ஆள் தங்குவார். சரிசெய்வதை விட, பயிற்சிக் கடனைக் காட்டி ஒரு வருடம் பிடித்து வைத்துவிட்டு அடுத்த கூட்டத்தை உள்ளே எடுப்பது கம்பெனிக்குச் சுலபமாக இருக்கிறது.

நீதிமன்றம் வரை போனவர்களும் இருக்கிறார்கள். டொமினிக் ஒலிவேரா என்ற ஓட்டுநர், நியூ பிரைம் என்ற பெரிய கம்பெனியில் பயிற்சி ஓட்டுநராகச் சேர்ந்தவர். குறைந்தபட்சக் கூலிகூடத் தரவில்லை என்று வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், நீதிமன்றத்துக்கு வர முடியாது, தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்றது கம்பெனி. 2019 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று ஓட்டுநர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1925ம் வருடத்து நடுவர் சட்டத்தில் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு உள்ள விலக்கு, 'சுயதொழில் ஒப்பந்தக்காரர்' என்று எழுதி வாங்கப்பட்ட ஓட்டுநர்களுக்கும் பொருந்தும் என்றது. அந்தத் தீர்ப்பு எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், 2026 ஜனவரி 1 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில், வேலையை விட்டால் கடன் கட்டு என்ற நிபந்தனையைச் சில விதிவிலக்குகளோடு தடை செய்திருக்கிறது. மற்ற மாநிலங்களும் இதைச் செய்ய வேண்டும்.

சரி, அதுவரை என்ன செய்வது? முதலில் உங்கள் பகுதியில் உள்ள அரசு வேலைவாய்ப்பு மையத்துக்குப் போங்கள். 2014ம் வருடத்துச் சட்டம் ஒன்றின் கீழ், தகுதி உள்ளவர்களுக்கு அங்கேயே டிரக் பள்ளிக் கட்டணம் கட்ட உதவி கிடைக்கும். சமுதாயக் கல்லூரிகளிலும் படிப்பு உண்டு. அப்படி லைசென்ஸ் வாங்கினால் யாருக்கும் கடன்பட வேண்டாம், கம்பெனியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அந்த வழி இல்லை என்றால் மட்டும் கம்பெனிப் பயிற்சி.

அப்போதும் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். கடன் மாதாமாதம் குறைகிறதா, அல்லது பதினோராவது மாதம் விட்டாலும் முழுத் தொகையா? அவர்களே வேலையை விட்டு நீக்கினால் யார் கட்டுவது? வட்டி உண்டா? டிரெய்னர் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு? இதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லும் ஆளெடுப்பு அதிகாரியிடம், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் "கம்பெனி வண்டியைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக்கிக்கொள், தவணையை உன் கூலியில் பிடித்துக்கொள்கிறோம்" என்று வருவார்கள். வேண்டவே வேண்டாம். இந்தக் குத்தகைத் திட்டங்களைத் தடை செய்யச் சொல்லி, மத்திய அரசு அமைத்த குழுவே 2025 ஜனவரியில் பரிந்துரை கொடுத்துவிட்டது.

ஊரில் இருந்து கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வணிக டிரக் ஓட்டுநர்களுக்கு வேலை விசா தருவதை அமெரிக்க அரசு 2025 ஆகஸ்ட் 21 அன்று நிறுத்திவைப்பதாக அறிவித்தது. "அமெரிக்காவில் டிரக் வேலை, பயிற்சியும் கம்பெனி செலவு" என்று சொல்லி எந்த ஏஜென்ட் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இங்கே இருப்பவர்கள், கையில் ஒப்பந்தம் வந்திருந்தால் பெயர், முகவரி, எண்களை மறைத்துவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் எந்த வரியில் கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். பதில் வர இரண்டு நாள் ஆகலாம், வண்டியில் இருப்பேன்.